வைக்கோலுக்குள் ஒரு வசந்தம்: விஸ்பியான்ஸ்கியின் ஓவியமும் போலந்தின் அடையாளமும்



வசந்தத்தையும் ஒரு நாட்டின் அடையாளத்தையும் சேர்த்துச் சொல்லும் நிலக்காட்சி ஓவியம் ஒன்றைப் பற்றிப் பேசுவதாக அழைப்பிதழில் அச்சாகியிருக்கிறது. திரையில் தெரியும் படத்தில் பூ ஒன்றுகூட இல்லை, தளிர் இல்லை, பசுமை என்று சொல்லத்தக்க நிறமே இல்லை. ஆனாலும் ஐரோப்பியக் குறியீட்டியல் ஓவியர்கள் வசந்தத்தைப் பற்றிச் செய்த படங்களில் இதைவிட ஆழமானதை நான் அறியேன். அது ஏன் என்று சொல்வதுதான் இன்றைய பேச்சு.

படத்தின் பெயர் 'ஹோஹோவி'. போலந்தின் கிராக்கோவ் நகரத்தில் ஸ்தானிஸ்வாவ் விஸ்பியான்ஸ்கி 1898, 1899ஆம் ஆண்டுகளில் தாளின் மீது பாஸ்டலால் வரைந்தது. இப்போது வார்சா தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. இரவு நேரத்துப் பூங்கா. ஈரம் ஊறிய தரை. இலை உதிர்ந்து நிற்கும் மரங்கள். தெருவிளக்கின் மங்கலான வெளிச்சத்தில் சில உருவங்கள். மேலே குறுகி, இடையில் கயிறு இறுக்கி, கீழே பாவாடைபோல் விரிந்த உருவங்கள். ஒன்று மற்றொன்றின் பக்கம் சாய்கிறது, இன்னொன்று விலகித் திரும்புகிறது. பார்த்துக்கொண்டே இருந்தால் அவை கைகோத்துச் சுற்றி ஆடுவதுபோல் தோன்றும். கைகளும் இல்லை, முகங்களும் இல்லை. நீலமும் பழுப்பும் கலந்த இருட்டுக்குள் வைக்கோலின் வெளிறிய மஞ்சள் மட்டும் அசைகிறது.

இவை பேய்களும் அல்ல, மனிதர்களும் அல்ல, ரோஜாச் செடிகள். கிராக்கோவ் குளிரில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே வெகுவாக இறங்கும். அந்தக் குளிரில் ரோஜா கருகிவிடாமல் இருக்க, இலையுதிர்காலத்தின் முடிவில் தோட்டக்காரர்கள் ஒவ்வொரு செடியையும் கம்பு போன்ற தானியத்தின் நீண்ட தாளால் சுற்றி, உச்சியில் கட்டி, இடையில் இன்னொரு கட்டுப் போடுவார்கள். அப்படிப் போர்த்திய செடிக்குத்தான் ஹோஹோவ் என்று பெயர். பனிக்காலம் முழுவதும் அது அப்படியே நிற்கும். உள்ளே செடி உயிரோடு இருக்கிறதா, பட்டுவிட்டதா என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

கட்டை அவிழ்க்கும் நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் தோட்டக்காரரின் கைப்பக்குவம் தெரியும். மார்ச் மாதம் இரண்டு நாள் வெயிலைப் பார்த்து ஏமாந்து அவிழ்த்துவிட்டால், மூன்றாம் நாள் இரவுப் பனியில் மொட்டு கருகும். பயந்துகொண்டு தள்ளிப்போட்டால், உள்ளே வெக்கை கூடி, வெளிச்சமில்லாமல் முளைத்த குருத்து வெளுத்து, பூசணம் பிடித்து அழுகும். காத்த போர்வையே கொல்லும் போர்வையாகிவிடும். இந்தச் செய்தி விஸ்பியான்ஸ்கிக்குத் தெரியும். அந்த ஊரில் வளர்ந்த எவருக்கும் தெரியும். படத்தின் முழு வலிமையும் இங்கிருந்துதான் பிறக்கிறது.

அவர் இந்தப் படத்தை வரைந்த ஆண்டுகளில் போலந்து என்று ஒரு நாடு உலக வரைபடத்தில் இல்லை. 1772, 1793, 1795 என மூன்று தடவைகளில் ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் அதைப் பங்குபோட்டுக்கொண்டன. 1830இல் ஒரு கிளர்ச்சி, 1863இல் இன்னொன்று, இரண்டும் நசுக்கப்பட்டன. ரஷ்யப் பகுதியில் பள்ளிக்கூடங்களிலிருந்து போலிஷ் மொழி விரட்டப்பட்டது. ஜெர்மன் ஆட்சியில் இருந்த வ்ஷெஷ்னியா என்ற சிற்றூரில், மதபோதனை வகுப்பில் ஜெர்மன் மொழியில் பதில் சொல்ல மறுத்த பிள்ளைகள் 1901இல் பிரம்படி வாங்கினார்கள். ஆஸ்திரியாவின் கையில் இருந்த கலீசியா மட்டும் 1860களிலிருந்து ஓரளவு தன்னாட்சி பெற்றது. அங்கே போலிஷில் படிக்கலாம், போலிஷில் நாடகம் போடலாம், பழைய மன்னர்களின் கல்லறைகளுக்கு முன்னால் நின்று அழவும் செய்யலாம். வாவெல் குன்றின் மீதிருந்த அரண்மனையில் 1905 வரை ஆஸ்திரியப் படைவீரர்கள் குடியிருந்தார்கள். கீழே நகரம் தன் நினைவுகளோடு வாழ்ந்தது.

படத்தில் உள்ள பூங்காவுக்கும் ஒரு கதை உண்டு. பிளாந்தி என்ற அந்தப் பூங்கா, கிராக்கோவின் பழைய நகரத்தைச் சுற்றி வளையமாக அமைந்தது. இடைக்காலத்துக் கோட்டை மதில் இருந்த இடம் அது. மதில் இடிந்து சிதைந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும்பகுதி இடித்துத் தள்ளப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டு, 1820களில் அங்கே மரங்கள் நடப்பட்டன. காவல் நின்ற இடத்தில் செடிகள் வந்தன. விஸ்பியான்ஸ்கி அந்த இடத்தைத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்தார் என்று நான் நினைக்கவில்லை. 1894இலேயே அதே பூங்காவின் விடியலை வரைந்தவர் அவர். மதில் இல்லாத நகரத்தைச் சுற்றிலும் வைக்கோல் உருவங்கள் காவல்போல் நிற்கின்றன.

விஸ்பியான்ஸ்கி பிறந்தது 1869இல், கிராக்கோவில். தந்தை சிற்பி, அவருடைய பட்டறை வாவெல் குன்றின் அடிவாரத்தில் இருந்தது. தாய் சிறு வயதிலேயே காசநோயால் இறந்தார். நுண்கலைப் பள்ளியில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் யான் மாத்தெய்கோ. அந்தத் தலைமுறைப் போலந்து மக்களுக்குத் தங்கள் நாட்டின் முகத்தையே மாத்தெய்கோதான் வரைந்து காட்டினார் என்று சொல்லலாம். கிருன்வால்ட் போர், பிரஷ்யக் கோமகன் போலந்து மன்னர் முன் மண்டியிடும் காட்சி, கேளிக்கைக்கு நடுவே தனியே அமர்ந்து நாட்டை எண்ணி வருந்தும் ஸ்தான்சிக் என்ற அரசவைக் கோமாளி. சுவரளவு கேன்வாஸ்கள், நூற்றுக்கணக்கான முகங்கள், வாள், வெல்வெட், கிரீடம். நாடு என்பது அங்கே கடந்த காலம். அதைத் துல்லியமாக நினைவில் வைத்திருந்தால் போதும், நாடு அழியாது என்ற நம்பிக்கை.

அந்த ஆசிரியரின் மாணவர் பூங்காவுக்குப் போய் வைக்கோல் போர்த்திய செடிகளை வரைந்தார். மன்னரும் இல்லை, போரும் இல்லை. மாத்தெய்கோவை நான் குறைத்துச் சொல்லவில்லை; அவர் இல்லாமல் விஸ்பியான்ஸ்கி இல்லை. ஆனால் மாணவர் கேட்ட கேள்வி கடினமானது. நினைவு பத்திரமாகத்தான் இருக்கிறது. நினைத்துக்கொண்டிருக்கும் நாம் உயிரோடு இருக்கிறோமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. யாச்செக் மால்செவ்ஸ்கி 1890க்கும் 1894க்கும் இடையில் வரைந்த 'மெலன்கோலியா'வை நினைத்துக்கொள்ளுங்கள். ஓவியரின் அறை. அங்குள்ள கேன்வாஸிலிருந்து ஒரு பெருங்கூட்டம் காற்றில் பறந்து வெளியே பாய்கிறது. குழந்தைகள், பிறகு வாளும் அரிவாளும் ஏந்திய இளைஞர்கள், பிறகு தளர்ந்த கிழவர்கள். ஒரு நூற்றாண்டுப் போலந்து முழுவதும் சன்னலை நோக்கி ஓடுகிறது. சன்னலுக்கு வெளியே வெயில் விழும் பசுமையான தோட்டம். கறுப்புடை அணிந்த ஒரு பெண் அங்கே நிற்கிறாள். ஒருவர்கூட அந்தச் சன்னலைத் தாண்டவில்லை. வசந்தம் அங்கேதான் இருக்கிறது, எட்டு வைத்தால் போதும், அந்த எட்டை யாராலும் வைக்க முடியவில்லை.

இன்னொரு பக்கம், நம்பிக்கையோடு வசந்தத்தை வரைந்தவர்களும் இருந்தார்கள். யூசெஃப் ஹெல்மோன்ஸ்கியின் 'நாரைகள்' 1900இல் வந்தது. உழவை நிறுத்திவிட்டு, வெறுங்கால்களோடு தரையில் அமர்ந்த உழவரும் பக்கத்தில் நிற்கும் சிறுவனும் தலையை நிமிர்த்தி, திரும்பிவரும் நாரைக் கூட்டத்தைப் பார்க்கிறார்கள். அன்பு நிறைந்த படம் அது. ஃபெர்டினாந்த் ருஷ்சித்ஸ் 1898இல் வரைந்த 'மண்' இன்னும் பெரிய மூச்சு கொண்டது. வானத்தை அடைத்துக்கொண்டு எழும் மேகத்தின் கீழ், சிறிய உருவமாக ஓர் உழவர் இரண்டு எருதுகளோடு மேட்டில் ஏறி உழுகிறார். ருஷ்சித்ஸின் சொந்த ஊரான பொக்தானுவ் இன்று பெலாரஸ் நாட்டுக்குள் இருக்கிறது. அவர் பிற்காலத்தில் ஆசிரியராக இருந்த வில்னியஸ் இன்று லித்துவேனியாவின் தலைநகரம். எந்த மண்ணை அவர் தன் நாட்டின் மண் என்று வரைந்தாரோ அது இன்று வேறு நாட்டின் மண். நிலக்காட்சியை நாட்டின் முகமாக நினைப்பவர்கள் இந்தப் படத்தின் முன்னால் சற்று நேரம் நிற்க வேண்டும்.

விஸ்பியான்ஸ்கி நாரைகளையோ ஏரையோ வரையாததற்குக் காரணம் அவருக்கு இயற்கை தெரியாததல்ல. 1896, 1897 ஆண்டுகளில் கிராக்கோவைச் சுற்றியுள்ள புல்வெளிகளில் அலைந்து, காட்டுச்செடிகளை இலை நரம்பு விடாமல் கோட்டோவியமாக வரைந்து ஒரு தொகுப்பே செய்திருக்கிறார். ஏறத்தாழ அதே காலத்தில், 1850இல் தீக்கிரையாகிப் பின் சீரமைக்கப்பட்ட பிரான்சிஸ்கன் தேவாலயத்தின் சுவர்களுக்கு வண்ணம் தீட்டும் பணி அவரிடம் வந்தது. அந்தச் சுவர்களில் பான்சியும் ரோஜாவும் லில்லியும் ஆளுயரத்துக்கு எழுகின்றன. மதச் சின்னங்களை வரையும் பழக்கத்துக்குப் பதிலாக, அந்த மண்ணில் முளைக்கும் செடிகளையே அவர் தேவாலயத்துக்குள் கொண்டுவந்தார். பூவை வரையத் தெரிந்த கை அது. அந்தக் கைதான் இந்தப் படத்தில் பூவை மறைத்து வைத்தது.

குறியீட்டியல் ஓவியத்தைப் பற்றி என் கருத்து ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அகராதியைப் பார்த்துப் பொருள் பொருத்துவதுபோல் வரையப்பட்ட குறியீட்டோவியங்கள் அந்தக் காலத்தில் ஏராளம்: சிறகு வைத்த பெண் என்றால் விடுதலை, அறுந்த யாழ் என்றால் துயரம். அவை இன்று நம்மை அசைப்பதில்லை. ஹோஹோவ் அசைக்கிறது என்றால், அது முதலில் ஒரு செடி என்பதால்தான். அதன் பொருள் தோட்டக்காரரின் அன்றாட வேலைக்குள்ளேயே இருக்கிறது. ஓவியர் மேலே எதையும் ஒட்டவில்லை. அதனால்தான் ஒரே படம் இரண்டு எதிரெதிர் செய்திகளைச் சொல்ல முடிகிறது. பொறுமையாக இரு, உள்ளே உயிர் இருக்கிறது என்றும் சொல்கிறது. காத்திருந்தே மடிந்துபோகிறாயே என்றும் சொல்கிறது.

இந்தப் படம் ஓவியத்தோடு முடியவில்லை. 1900 நவம்பர் 20ஆம் நாள், கவிஞர் லூத்சியான் ரிடெல், யாத்விகா மிகோவாய்ச்சிக் என்ற உழவர் வீட்டுப் பெண்ணைக் கிராக்கோவில் மணந்தார். விருந்து ஊருக்கு வெளியே பிரோனொவித்சே கிராமத்தில், ஓவியர் தெத்மாயெரின் வீட்டில் நடந்தது. தெத்மாயெரும் 1890இல் அதே குடும்பத்துப் பெண்ணை மணந்தவர். விஸ்பியான்ஸ்கியும் அதே 1900இல்தான் தெயோதோரா என்ற உழவர் குலத்துப் பெண்ணை மணந்திருந்தார். படித்த வர்க்கம் கிராமத்தைத் தேடிப்போன காலம் அது. அந்த விருந்தில் இருந்த எழுத்தாளர் போய்-ஜெலென்ஸ்கி பின்னாளில் எழுதிய கட்டுரை ஒன்றில், விஸ்பியான்ஸ்கி கறுப்புக் கோட்டின் பொத்தான்களை மேல்வரை பூட்டிக்கொண்டு, கதவு நிலையில் சாய்ந்தபடி ஆட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றதை நினைவுகூர்கிறார். அந்த இரவிலிருந்துதான் 'வெசெலே' என்ற நாடகம் பிறந்தது. திருமணம் என்று பொருள்படும் எளிய தலைப்பு.

நாடகத்தின் முதல் பகுதியில் விருந்தினர்கள் பேசுகிறார்கள், ஆடுகிறார்கள். ஊர் விடுதிக்காரரின் மகளான ரஹேலா என்ற யூதப் பெண் தோட்டத்தின் வழியாக வரும்போது, வைக்கோல் போர்த்திய ரோஜாச் செடியைப் பார்க்கிறாள். அதையும் விருந்துக்கு அழைக்கலாமே என்கிறாள். மணமக்களும் விளையாட்டாக அழைக்கிறார்கள். நடுநிசியில் அது நிஜமாகவே வந்து நிற்கிறது. அதைத் தொடர்ந்து இறந்தவர்கள் வருகிறார்கள். மாத்தெய்கோவின் ஸ்தான்சிக் ஒரு பத்திரிகையாளர் முன் வருகிறார். 1846இல் நிலக்கிழார்களைக் கொன்று குவித்த உழவர் கலகத்தின் தலைவன் ஷெலாவின் ஆவியும் வருகிறது. மேட்டுக்குடி மாப்பிள்ளையும் உழவர் வீட்டு மணப்பெண்ணும் ஆடும் கூடத்துக்குள் அந்த ரத்தத்தைக் கொண்டுவந்து நிறுத்த விஸ்பியான்ஸ்கிக்கு மனத்துணிவு இருந்தது. நாட்டு மக்கள் ஒன்று என்று பாடிக்கொண்டிருந்தவர்களிடம், ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்ததை மறந்துவிட்டா பாடுகிறீர்கள் என்று கேட்டார்.

ரஹேலாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். செடிக்குள் உயிர் உண்டு என்று முதலில் உணர்பவள் அவள். போலந்துக் கவிதை முழுவதையும் படித்தவள். ஆனால் அந்தக் கூடத்தில் இருப்பவர்களின் கண்ணில் விருந்தாளி மட்டுமே. யார் இந்த நாட்டவர், யார் இல்லை என்ற கேள்வி அவள் வாசலில் வந்து நிற்கும்போதே நாடகத்துக்குள் நுழைந்துவிடுகிறது. போலந்தின் யூதர்களுக்கு நாற்பது ஆண்டுகள் கழித்து நேர்ந்ததை அறிந்த நாம் அந்தக் காட்சியை முன்போல் படிக்க முடியாது.

இரண்டாம் பகுதியின் முடிவில் ஒரு தங்க ஊதுகொம்பு வருகிறது. அதை ஊதினால் மக்கள் எழுவார்கள். வெர்னிஹோரா என்ற பழங்காலத் தீர்க்கதரிசி வீட்டுத் தலைவரிடம் அதைக் கொடுத்துப் போகிறார். அவர் யாஷியெக் என்ற இளைஞனிடம் ஒப்படைக்கிறார். அவன் வழியில் மயில் இறகு செருகிய தொப்பி விழ, அதை எடுக்கக் குனியும்போது கொம்பைத் தவறவிட்டுவிடுகிறான். கடைசிப் பகுதியில், விடியற்காலையில் உழவர்கள் அரிவாள்களோடு வந்து நிற்கிறார்கள், எல்லோரும் காதுகொடுத்துக் கேட்கிறார்கள், ஒலி வரவில்லை. வருவது ஹோஹோவ். அது வாசிக்கிறது, அத்தனை பேரும் உறக்கத்தில் ஆடுவதுபோல் ஜோடி ஜோடியாகச் சுற்றத் தொடங்குகிறார்கள். சேவல் கூவியும் ஆட்டம் நிற்பதில்லை.

பூங்காவில் ஆடிய வைக்கோல் உருவங்கள் இப்போது மனிதர்களை ஆட்டுகின்றன. ஓவியத்தில் பாதி பாதியாக நின்ற இரண்டு பொருள்களில் ஒன்றை நாடகம் தேர்ந்தெடுத்துவிட்டது: காத்திருத்தல் மயக்கமாகிவிட்டது. மேடை கண்ட நாள் 1901 மார்ச் 16. கிராக்கோவின் நகர நாடக அரங்கம் பிளாந்தியை ஒட்டியே நிற்கிறது. பின்பனியும் இளவேனிலும் இழுபறியில் இருக்கும் மார்ச் நடுவில், பார்வையாளர்கள் அரங்கை விட்டு வெளியே வந்து நடந்தது அந்தப் பூங்காவின் ஓரமாகத்தான். ஆந்திரேய் வாய்தா 1973இல் இந்த நாடகத்தைத் திரைப்படமாக எடுத்தார். இன்னொரு அதிகாரத்தின் கீழ் வாழ்ந்த இன்னொரு தலைமுறைக்கும் அந்த ஆட்டத்தை விளக்கிச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

விஸ்பியான்ஸ்கி வசந்தத்தைத் திரும்பவும் ஒரு முறை தேடிப்போனார். இந்த முறை சன்னலிலிருந்து. 1904க்கும் 1905க்கும் இடைப்பட்ட குளிர்காலத்தில் நோய் அவரை வீட்டோடு கட்டிப்போட்டது. க்ரொவொதெர்ஸ்கா தெருவில் இருந்த அவருடைய அறைச் சன்னலிலிருந்து பார்த்தால் தொலைவில் கோஷ்ச்யுஷ்கோ மேடு தெரியும். ததேயுஷ் கோஷ்ச்யுஷ்கோ 1794 மார்ச் 24இல் கிராக்கோவ் சந்தைச் சதுக்கத்தில் உறுதிமொழி எடுத்து எழுச்சியைத் தொடங்கியவர். ஏப்ரல் 4ஆம் நாள் ரத்ஸ்வவித்சே போரில், நேராக்கிய அரிவாள்களை ஏந்திய உழவர்கள் ரஷ்யப் பீரங்கிகளைக் கைப்பற்றினார்கள். 'வெசெலே'யின் கடைசியில் அரிவாள்களோடு வந்து நிற்பவர்கள் அவர்களுடைய வாரிசுகள்தான். அந்த எழுச்சியும் இளவேனில் தொடக்கத்தில்தான் தொடங்கியது. கோஷ்ச்யுஷ்கோ இறந்த பிறகு, 1820க்கும் 1823க்கும் இடையில் கிராக்கோவ் மக்கள் மண் சுமந்து கொட்டி அந்த மேட்டை எழுப்பினார்கள். போர்க்களங்களின் மண்ணும் அதற்குள் வைக்கப்பட்டது. 1850களில் ஆஸ்திரியர்கள் அதைச் சுற்றி ஒரு கோட்டையையே கட்டிவிட்டார்கள்.

அந்த மேட்டை விஸ்பியான்ஸ்கி மீண்டும் மீண்டும் பாஸ்டலில் வரைந்தார். காலையில், மாலையில், மேகமூட்டத்தில், பனி மூடியிருக்கையில், பனி திட்டுத்திட்டாக இளகுகையில். முன்னால் வளைந்து செல்லும் ரயில் பாதை, மெலிந்த மரங்கள், சேறு. தொடுவானில் சிறிய கூம்பாக மேடு. ஜப்பானிய மரச்செதுக்கு அச்சோவியங்களைப் பெருமளவில் சேகரித்த ஃபெலிக்ஸ் யாஷென்ஸ்கி அவருக்கு நண்பர். ஹொக்குசாய் ஃபூஜி மலையைப் பல கோணங்களில் பார்த்ததுபோல் இவர் கோஷ்ச்யுஷ்கோ மேட்டைப் பார்த்தார் என்று எழுதாத விமர்சகர் இல்லை. ஆனால் ஒரு வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஹொக்குசாய் மலையைச் சுற்றி நடந்தார். இவர் நகரவே இல்லை. பருவமும் வெளிச்சமும்தான் நகர்ந்தன. மேட்டைப் பெரிதாக்கிக் காட்டும் ஆசைக்கும் அவர் இடம் கொடுக்கவில்லை. ஒரு படத்தில் அதைவிட ரயில் பாதையே நம் கண்ணைப் பிடிக்கிறது. நாட்டின் புனிதச் சின்னம், நோயாளி ஒருவரின் சன்னலுக்கு வெளியே, தினமும் மாறும் வானிலைக்குள், மற்றப் பொருள்களோடு ஒரு பொருளாக இருக்கிறது. நாட்டை இவ்வளவு அடக்கமாக நேசித்த ஓவியங்கள் குறைவு.

1907 நவம்பர் 28ஆம் நாள் அவர் இறந்தபோது வயது முப்பத்தெட்டு. பதினொரு ஆண்டுகள் கழித்து, 1918 நவம்பரில் போலந்து மீண்டும் ஒரு நாடாயிற்று. கட்டு அவிழ்ந்தது. இளம் கவிஞர்கள் சிலர் இனியாவது பருவங்களைப் பருவங்களாகவே பார்க்கும் உரிமையைக் கேட்டார்கள். ஒவ்வொரு மரத்திலும் பறவையிலும் தாயகத்தைத் தேடித் தேடி அலுத்த ஒரு தலைமுறையின் நியாயமான வேண்டுகோள் அது.

அந்த உரிமை உடனே கிடைத்துவிடவில்லை. 1924இன் இறுதியில் ஸ்தெஃபான் ஜெரோம்ஸ்கியின் புதிய நாவல் வந்தது. விடுதலை பெற்று ஆறு ஆண்டுகள் ஆகியிருந்த நாட்டைப் பற்றிய நாவலுக்கு அவர் வைத்த பெயர் 'பிஷெட்வியோஷ்னியே', குளிர் விடைபெறாமலும் வசந்தம் வராமலும் இருக்கும் அந்த இடைப்பருவத்தின் பெயர். அதில் பாக்கு நகரத்தில் வளர்ந்த இளைஞன் ஒருவன், கண்ணாடி வீடுகள் நிறைந்த புதிய போலந்து பற்றித் தந்தை சொன்ன கதையை நம்பி எல்லை தாண்டி வருகிறான். அவன் முதலில் காண்பது சேறும் குப்பையும் நிறைந்த சிற்றூர். பின்னர் நிலக்கிழார்களின் விருந்துகளைப் பார்க்கிறான், கூலிக்காரர்களின் பசியைப் பார்க்கிறான். நாவல் முடியும் நாளில், வார்சாவின் தெருக்களில் தொழிலாளர்கள் ஊர்வலமாக ஆட்சியாளரின் மாளிகையை நோக்கி நடக்கிறார்கள். அவனும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொள்கிறான், பிறகு வரிசையை விட்டு விலகித் தனியே முன்னால் போகிறான். அவர்களுக்கு எதிரே சொந்த நாட்டின் படைவீரர்கள் சுவர்போல் நிற்கிறார்கள். அது பின்பனி இளகத் தொடங்கிய முதல் நாள் என்று ஜெரோம்ஸ்கி குறிப்பிடுகிறார்.